வராதவரையும் சேர்த்து வாக்கு வலிமையை அளப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவருடைய வாக்கு அவையின் முடிவையே மாற்றிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் அவருடைய வாக்கு வலிமை. பலருடைய முடிவுகள் ஒன்றையொன்று பாதிக்கும் நிலைமைகளைக் கணிதமாக ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் அதை அளக்கும் வழக்கமான கணக்கு, எல்லோரும் வந்திருக்கிறார்கள், வந்தவர்கள் எல்லோரும் ஆதரவு அல்லது எதிர்ப்பு என்று சொல்லிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது. உண்மையான அவைகள் அப்படி நடப்பதில்லை. சிலர் வருவதில்லை, சிலர் வெளிநடப்பு செய்கிறார்கள், சிலர் உள்ளே இருந்தும் வாக்களிப்பதில்லை.

இதைக் கணக்கில் சேர்க்க முனையும் புதியவர்கள் பெரும்பாலும் நேராக நிகழ்தகவுக்குப் போய்விடுகிறார்கள். 'வருகை 80 சதவீதம்' என்று ஓர் எண்ணைப் போட்டு, பழைய விடையை அதனால் பெருக்கிவிடுகிறார்கள். விடை தவறாக வருகிறது. ஏன் என்றும் தெரிவதில்லை. காலியான இருக்கையை விதி எந்தப் பக்கம் சேர்க்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நிகழ்தகவுக்கான இடம் அதற்குப் பிறகு வருகிறது. கீழே உள்ள படிகளின் வரிசை அதனால்தான் இப்படி இருக்கிறது. மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் தேவையானவை

அவையின் வாக்களிப்பு விதி, எழுத்துப்படி. செய்தித்தாள் சுருக்கம் போதாது. சேர்க்கைகளை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும்: பத்துப் பேரில் நால்வரை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் 210 என்று எடுக்க முடிந்தால் போதும். பிறகு ஓர் எக்செல் தாள். மூன்று பேர் கொண்ட அவைக்கு அதுகூட வேண்டாம், காகிதம் போதும். முதல்முறை காகிதத்திலேயே செய்வது நல்லது. எக்செலில் தொடங்குபவர்களுக்கு எந்தக் கட்டத்தில் எதை அனுமானித்தோம் என்பது பிறகு நினைவில் இருப்பதில்லை.

1. காலி இருக்கை எங்கே போய்ச் சேர்கிறது என்று எழுதி வையுங்கள்

மூன்று வகைதான் அடிக்கடி வரும்.

முதல் வகை: வரம்பு அசையாது. மொத்தத்தில் இத்தனை ஆதரவு வேண்டும் என்று விதி சொன்னால், வராதவரும் எதிர்த்தவரும் ஒன்றே.

இரண்டாம் வகை: வரம்பு வருகையோடு நகரும். 'வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை' என்பது இது. இந்திய அரசியலமைப்பின் 100ஆவது பிரிவு நாடாளுமன்றத்தின் சாதாரண முடிவுகளுக்கு இதைத்தான் வைத்திருக்கிறது. இங்கே வராதவர் தராசின் இரண்டு தட்டுகளிலும் இல்லை.

மூன்றாம் வகை: இரண்டும் கலந்தது. இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 368ஆவது பிரிவின்படி அரசியலமைப்புத் திருத்த மசோதாவுக்கு இரண்டு நிபந்தனைகள்: அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை; வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு. மக்களவையின் 543 இடங்களுக்கு முதல் நிபந்தனை 272. சபாநாயகரை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துக் கணக்கிடுவோம்.

450 பேர் வாக்களிக்கிறார்கள், 290 ஆதரவு, 160 எதிர்ப்பு. மூன்றில் இரண்டுக்கு 300 வேண்டும், மசோதா தோற்கிறது. இப்போது எதிர்த்தவர்களில் 15 பேர் வெளிநடப்பு செய்தால் வாக்களிப்போர் 435, தேவை 290. அதே 290 ஆதரவோடு மசோதா நிறைவேறிவிடுகிறது. கோபத்தில் எழுந்து போனவர்கள் தாங்கள் எதிர்த்த மசோதாவுக்கே வழிவிட்டுவிட்டார்கள்.

ஆனால் வாக்களித்தவர்கள் 400 பேர், ஆதரவு 270 என்றால்? மூன்றில் இரண்டு கிடைத்துவிட்டது, 272 கிடைக்கவில்லை. இங்கே எதிர்ப்பவர்கள் எத்தனை பேர் எழுந்து போனாலும் ஒன்றும் மாறாது. மாறுகிற இடம் 408: அதில் மூன்றில் இரண்டு சரியாக 272. அதற்கு மேல் வரம்பு நகர்கிறது, அதற்குக் கீழே அசைவதில்லை. ஒரே விதிக்குள் வராதவருக்கு இரண்டு அர்த்தம். இப்படி ஓர் எல்லை உங்கள் விதியில் இருக்கிறதா என்று முதலிலேயே தேடிப்பாருங்கள்.

சமநிலை வந்தால் என்ன என்பதையும் இதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் வந்தால் சமநிலையே வராத அவையில்கூட, ஒருவர் குறைந்தால் வந்துவிடும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு 269–270 என்று முடிந்தது. எதிர்த்தவர்களில் ஒருவர் மட்டும் வாக்களிக்காமல் இருந்திருந்தால் 269–269. அப்போது 100ஆவது பிரிவின்படி சபாநாயகரின் முடிவு வாக்கு வந்திருக்கும். அதாவது, சபாநாயகர் எல்லோரும் வந்தால் வலிமையே இல்லாதவராகவும், ஒருவர் குறைந்தால் முழு வலிமை உள்ளவராகவும் இருக்கக்கூடும்.

2. எத்தனை நிலைகள் தேவை என்று முடிவு செய்யுங்கள்

ஆதரவு, எதிர்ப்பு, உள்ளே இருந்தும் வாக்களிக்காமை, வராமை என நான்கு நிலைகள் இருக்கலாம். நான்கையும் வைத்துக்கொண்டால் பத்துப் பேர் கொண்ட அவைக்கே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நிலவரங்கள். ஆகவே விதி வேறுபடுத்தாத நிலைகளை ஒன்றாக்கிவிடுங்கள்.

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் நிரந்தர உறுப்பினர் ஒதுங்கினால், அதாவது உள்ளே இருந்தும் வாக்களிக்காவிட்டால், அது வீட்டோ (தனி ஒருவராகத் தீர்மானத்தைத் தடுக்கும் எதிர்ப்பு வாக்கு) ஆகாது என்பது நெடுநாள் நடைமுறை. சர்வதேச நீதிமன்றம் 1971இல் நமீபியா பற்றிய கருத்துரையில் அதை ஏற்றுக்கொண்டது. 1950 ஜூனில் சோவியத் பிரதிநிதி கவுன்சிலைப் புறக்கணித்திருந்தபோது கொரியப் போர் பற்றிய தீர்மானங்கள் நிறைவேறின. வராமையும் வீட்டோவாகக் கொள்ளப்படவில்லை. ஆகவே இங்கே ஒதுங்குதலும் வராமையும் ஒரே நிலை. மூன்று நிலைகள் போதும்.

கோரம், அதாவது முடிவு செல்லக் குறைந்தது இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற விதி, உள்ள அவையில் இப்படி ஒன்றாக்கக் கூடாது. உள்ளே உட்கார்ந்து வாக்களிக்காதவர் கோரத்தை நிரப்புகிறார், வராதவர் நிரப்புவதில்லை.

3. கோரம் இருந்தால் இந்தச் சோதனையைத் தாண்டாமல் மேலே போகாதீர்கள்

ஆதரவு, ஒதுங்குதல், எதிர்ப்பு என்று வைத்துச் செய்யும் கணக்கை மூன்று நிலை ஆட்டம் என்போம். அதில் நாம் பொதுவாக எதிர்பார்ப்பது ஒரு வரிசை: தீர்மானத்துக்கு ஆதரவு அதிகம் உதவும், ஒதுங்குதல் அதைவிடக் குறைவாக, எதிர்ப்பு எல்லாவற்றையும்விடக் குறைவாக. கோரம் இந்த வரிசையை உடைத்துவிடும்.

ஒரு சிறிய அவையை எடுத்துக்கொள்வோம். இந்த வழிகாட்டி முழுவதும் இதுவே வரும். அ-வுக்கு 3 வாக்குகள், ஆ-வுக்கு 2, இ-க்கு 2. வந்திருப்போரின் வாக்குகளில் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால் தீர்மானம் நிறைவேறும். இந்தப் படிக்கு மட்டும், குறைந்தது இருவராவது வர வேண்டும் என்று கோரம் வைப்போம்.

இ வரவில்லை. அ ஆதரிக்கிறார். ஆ எதிர்த்து வாக்களித்தால் ஐந்தில் மூன்று ஆதரவு, தீர்மானம் நிறைவேறும். ஆ வீட்டிலேயே இருந்துவிட்டால் கோரம் இல்லை, தீர்மானம் விழும். எதிர்ப்பவருக்கு வராமல் இருப்பதுதான் பலன் தருகிறது.

இத்தாலியில் சட்டத்தை நீக்கும் பொது வாக்கெடுப்புகளுக்கு அரசியலமைப்பின் 75ஆவது பிரிவு, தகுதியுள்ள வாக்காளர்களில் பெரும்பான்மையோர் பங்கேற்க வேண்டும் என்கிறது. 2005 ஜூனில் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் பற்றிய வாக்கெடுப்பில் ஏறத்தாழ கால்வாசிப் பேரே வந்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆதரித்தும் அது செல்லாமல் போனது. எதிர்த்தவர்கள் அன்று கேட்டுக்கொண்டது 'வேண்டாம் என்று வாக்களியுங்கள்' என்றல்ல, 'போகாதீர்கள்' என்று.

ஆகவே வரிசை உடைகிறது என்றால் அளவையும் மாற்ற வேண்டும். 'ஆதரவை எதிர்ப்பாக மாற்றினால் முடிவு மாறுமா' என்று மட்டும் கேட்டால் ஆ-வின் பெரிய ஆயுதம் கண்ணில் படாது. 'இவர் கையில் உள்ள நிலைகளில் ஏதாவது இரண்டுக்கு வெவ்வேறு முடிவு வருமா' என்று கேட்க வேண்டும். மற்ற இருவரும் 80 சதவீத நிகழ்தகவில் வருகிறார்கள், வந்தால் பாதிக்குப் பாதி ஆதரிக்கிறார்கள் என்று வைத்தால், முதல் கேள்விக்கு ஆ-வின் வலிமை 0.40. இரண்டாவது கேள்விக்கு 0.48. அந்த 0.08 முழுக்க, வராமல் இருப்பதால் கிடைக்கும் வலிமை. அ-வுக்கு இரண்டு கேள்விக்கும் 0.64தான்.

கோரம் இல்லாத அவையிலும் இந்த வரிசையை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை.

4. எல்லோரும் வந்தால் என்ன விடை என்று முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்

இது ஒப்பிடுவதற்கான அடித்தளம். பிறகு வரும் சூத்திரத்தில் வருகையை 100 சதவீதமாக வைத்தால் இந்த விடை திரும்பக் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் எங்கோ பிழை.

பென்ரோஸ் 1946இலும் பான்சாஃப் 1965இலும் தனித்தனியே வந்து சேர்ந்த அளவைத்தான் இங்கே பயன்படுத்துகிறேன். மற்றவர்கள் எப்படியெல்லாம் வாக்களிக்கலாம் என்று எல்லாவற்றையும் எழுதி, அவற்றில் எத்தனையில் இவருடைய வாக்கு முடிவைத் திருப்புகிறது என்று எண்ண வேண்டும். அப்படி ஒவ்வொன்றையும் 'திருப்பம்' என்று அழைப்போம். திருப்பங்களை மொத்த நிலவரங்களால் வகுத்தால் வலிமை. வலிமையை அளக்கும் மற்றொரு முறையான ஷாப்ளி–ஷூபிக் குறியீட்டெண் வேறு அடிப்படையில் நிற்பது. வராமையை அதில் சேர்க்க, யார் எந்த வரிசையில் வாக்களிக்கிறார் என்பதையும் சேர்த்து விரிக்க வேண்டும். முதல்முறை செய்பவர்களுக்கு அது வேண்டாம். இரண்டின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலப்பது அதைவிடவும் வேண்டாம்.

3–2–2 அவையில் எல்லோரும் வந்தால் எந்த இருவர் சேர்ந்தாலும் வெற்றி. ஆகவே மூவருக்கும் வலிமை 0.5. அ-விடம் உள்ள கூடுதல் ஒரு வாக்கு வெறும் அலங்காரம்.

5. வருகைக்கு ஓர் எண் கொடுங்கள். யாருடைய கண்ணால் பார்க்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்

ஒவ்வொருவரும் 'வ' என்ற நிகழ்தகவில் வருகிறார் என்க. வந்தால் ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி. இந்தச் சரிபாதி, உறுப்பினர்களின் மனநிலை பற்றிய கணிப்பு அல்ல. விதி தரும் வலிமையை மட்டும் தனியே எடுக்க, எல்லா விருப்பங்களையும் ஒரே மாதிரி வைக்கிறோம். 'எங்கள் அவையில் அ எப்போதும் எதிர்ப்பார்' என்று யாராவது சொன்னால், அது வேறு கேள்விக்கான தகவல்.

அடுத்து முடிவு செய்ய வேண்டியது, 'வந்திருந்தால் அவருடைய வலிமை எவ்வளவு' என்று கேட்கிறோமா, 'வருவாரா என்பதையும் சேர்த்து எவ்வளவு' என்று கேட்கிறோமா என்பது. இரண்டாவது வேண்டும் என்றால் முதல் விடையை அவருடைய சொந்த வருகை நிகழ்தகவால் பெருக்க வேண்டும். இரண்டும் சரியான கேள்விகளே. ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு மற்றொன்று என்று ஒப்பிடுவதுதான் தவறு.

6. சிறிய அவையைக் கையால் செய்து முடியுங்கள்

கோரத்தை எடுத்துவிடுவோம். அ வந்திருக்கிறார். மற்ற இருவரின் வருகையில் நான்கு வகை:

இருவரும் வந்திருந்தால், அவர்கள் மாறுபட்டால் மட்டுமே அ முடிவைத் திருப்புகிறார். வலிமை 1/2.
ஆ மட்டும் வந்திருந்தால், அ-வின் 3 வாக்கே ஐந்தில் பாதிக்கு மேல். வலிமை 1.
இ மட்டும் வந்திருந்தாலும் 1.
யாரும் வரவில்லை என்றாலும் 1.

ஒவ்வொன்றையும் அது நடக்கும் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் அ-வின் வலிமை 1 − வ²/2.

ஆ-வுக்கு அதே நான்கு வகை. இருவரும் வந்திருந்தால் 1/2. அ மட்டும் வந்திருந்தால் 0. அ சொன்னதுதான் முடிவு. இ மட்டும் வந்திருந்தால் 2–2, பாதிக்கு மேல் வேண்டும் என்பதால் இருவரும் ஆதரித்தால்தான் நிறைவேறும்; இ ஆதரிக்கும்போது மட்டும் ஆ திருப்புகிறார், 1/2. தனியாக என்றால் 1. கூட்டினால் 1 − 1.5வ + வ².

வ = 1 என்று வைத்துப்பாருங்கள்: இரண்டும் 0.5. அடித்தளம் திரும்பக் கிடைத்துவிட்டது. வ = 0.9 என்றால் அ 0.595, ஆ 0.46. வ = 0.8 என்றால் அ 0.68, ஆ 0.44. சொந்த வருகையையும் சேர்த்தால் 0.8-இல் அ 0.544, ஆ 0.352.

எல்லோரும் வரும்போது அலங்காரமாக இருந்த அந்த ஒரு வாக்கு, பத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவர் வராமல் போனாலே உயிர் பெற்றுவிடுகிறது. ஆ-வின் வலிமை தொடக்கத்தில் குறைவதையும் கவனியுங்கள். ஆட்கள் குறைந்தால் மிஞ்சியவர்கள் எல்லோருக்கும் வலிமை கூடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. யார் இல்லாமல் போனார் என்பதைப் பொறுத்தது அது.

வரம்பு நகர்கிறதா, அசையாமல் நிற்கிறதா என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று காண ஒரு பழைய உதாரணம் போதும். 1958இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் அமைச்சர் குழுவில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலிக்குத் தலா 4 வாக்குகள், பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் தலா 2, லக்சம்பர்க்குக்கு 1. தகுதிப் பெரும்பான்மைக்கு 17இல் 12. லக்சம்பர்க் முடிவைத் திருப்ப, மற்றவர்களின் ஆதரவு சரியாக 11 ஆக இருக்க வேண்டும். மற்ற எல்லாம் இரட்டை எண்கள். 11 வரவே வராது. ஆகவே வலிமை சுழியம். யார் வராமல் போனாலும் 12 அசையாது என்பதால் அப்போதும் சுழியமே. இதே வாக்குகளுக்கு 'வந்தோரில் 17இல் 12 பங்கு' என்று கற்பனையாக ஒரு விதி வைத்துப்பாருங்கள். பெல்ஜியம் வராத நாளில் மொத்தம் 15, தேவை 10.6-க்குச் சற்றுக் குறைவு. இரண்டு பெரிய நாடுகளும் நெதர்லாந்தும் சேர்ந்தால் 10. போதாது. லக்சம்பர்க்கும் ஆதரித்தால் 11. விதியில் ஒரே ஒரு சொற்றொடர் மாறினால் போதும், சுழியம் சுழியமாக இருப்பதில்லை.

7. பெரிய அவை: பாதுகாப்பு கவுன்சில்

இப்போது 15 உறுப்பினர்கள்: ஐந்து நிரந்தர உறுப்பினர்கள், பத்துத் தற்காலிக உறுப்பினர்கள். நடைமுறை சாராத விஷயங்களில் தீர்மானம் நிறைவேற 9 ஆதரவு வேண்டும். நிரந்தர உறுப்பினர் எவரும் எதிர்த்து வாக்களிக்கக் கூடாது.

ஆதரவு, எதிர்ப்பு மட்டும் உள்ள இரண்டு நிலை ஆட்டமாகப் பார்த்தால் ஐவரும் ஆதரிக்க வேண்டும், கூடவே பத்தில் குறைந்தது நால்வர். அப்படி வெல்லும் சேர்க்கைகள் 848. நிரந்தர உறுப்பினருக்கு 848 திருப்பங்கள், தற்காலிக உறுப்பினருக்கு 84. மற்ற பதினால்வரின் மொத்த நிலவரங்கள் 16,384. வலிமை 0.0518, 0.0051. பத்து மடங்கு வித்தியாசம்.

இந்த ஆட்டம் உண்மையோடு ஒட்டாது. 2011 மார்ச் 17 அன்று லிபியா பற்றிய 1973ஆம் எண் தீர்மானம் 10 ஆதரவோடு நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி, இந்தியா ஒதுங்கின. இரண்டு நிலைக் கணக்கில் இரண்டு வீட்டோக்கள் விழுந்து அது தோற்றிருக்க வேண்டும்.

மூன்று நிலைக்கு மாற்றும்போது எண்ணும் வரிசை இது. முதலில் தற்காலிக உறுப்பினர்கள் பத்துப் பேர்: இவர்களில் சரியாக இத்தனை பேர் ஆதரிக்கும் நிலவரங்கள் எத்தனை? ஆதரிக்காத ஒவ்வொருவருக்கும் இரண்டு வழிகள் உண்டு, எதிர்க்கலாம் அல்லது ஒதுங்கலாம். ஆகவே நால்வர் ஆதரித்தால் 210 × 64 = 13,440. ஐவர் 8,064. அறுவர் 3,360. எழுவர் 960. எண்மர் 180. ஒன்பதின்மர் 20. பதின்மர் 1. சுழியத்திலிருந்து பத்து வரை எல்லாவற்றையும் கூட்டினால் 59,049 வர வேண்டும், அது மூன்றின் பத்தாம் படி. வராவிட்டால் நிறுத்திவிட்டுப் பிழையைத் தேடுங்கள்.

பிறகு மற்ற நான்கு நிரந்தர உறுப்பினர்கள். இவர்களில் எவரும் எதிர்க்கக் கூடாது என்பதால் ஒவ்வொருவருக்கும் ஆதரவு, ஒதுங்குதல் என இரண்டே வழி. இங்கேதான் பலரும் மூன்று வழிகளைப் போட்டுவிடுகிறார்கள்.

நம்முடைய நிரந்தர உறுப்பினர் ஆதரித்தால் நிறைவேறி, எதிர்த்தால் விழ வேண்டும் என்றால், மற்றவர்களிடம் குறைந்தது 8 ஆதரவு இருக்க வேண்டும். நான்கு நிரந்தரர்களும் ஆதரித்தால் தற்காலிகர்களில் நால்வர் அல்லது அதற்கு மேல்: 26,025. மூவர் ஆதரித்தால், நான்கு விதங்கள், ஐவர் அல்லது மேல்: 4 × 12,585 = 50,340. இருவர்: 6 × 4,521 = 27,126. ஒருவர்: 4 × 1,161 = 4,644. எவரும் இல்லை: 201. கூட்டினால் 1,08,336 திருப்பங்கள்.

தற்காலிக உறுப்பினருக்கு மற்றவர்களின் ஆதரவு சரியாக 8 ஆக இருக்க வேண்டும். இதே முறையில் எண்ணினால் 53,154. மற்ற பதினால்வரின் மொத்த நிலவரங்கள் மூன்றின் பதினான்காம் படி, 47,82,969.

வகுத்தால் 0.0227, 0.0111. பத்து மடங்காக இருந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்று சுருங்கிவிடுகிறது. இந்த இடத்தில் பெரும்பாலானோர் தங்கள் கணக்கைச் சந்தேகிப்பார்கள். கணக்கு சரியே. சந்தேகிக்க வேண்டியது வேறொன்று. அது 9ஆவது படியில் வருகிறது.

8. வீட்டோவைத் தனியே பிரித்துப்பாருங்கள்

மூன்று நிலை ஆட்டம் தரும் உண்மையான லாபம் இதுதான். பலர் இந்தப் படியைச் செய்வதே இல்லை. நிரந்தர உறுப்பினரின் 1,08,336 திருப்பங்களை இரண்டாகப் பிரிக்கலாம்.

மற்றவர்களிடம் சரியாக 8 ஆதரவு இருந்தால், இவர் ஒதுங்கினாலே தீர்மானம் விழும். எதிர்க்க வேண்டிய தேவையே இல்லை. இந்த வகை 69,876. தற்காலிக உறுப்பினர் செய்யக்கூடிய அதே வேலை.

மற்றவர்களிடம் 9 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஒதுங்கினால் நிறைவேறிவிடும், எதிர்த்தால்தான் விழும். இந்த வகை 38,460. உண்மையான வீட்டோ இதுவே: திருப்பங்களில் 35 சதவீதத்துக்குச் சற்று மேல்.

தற்காலிக உறுப்பினருக்கு இரண்டாம் வகை சுழியம். அவர் எதிர்த்தாலும் ஒதுங்கினாலும் ஒன்றே.

இந்தப் பிரிப்பு ஒரு சரிபார்ப்பையும் இலவசமாகத் தருகிறது. தீர்மானம் நிறைவேறும் எல்லா நிலவரங்களிலும் இந்த உறுப்பினர் ஆதரித்திருக்க வேண்டும் அல்லது ஒதுங்கியிருக்க வேண்டும். ஆதரித்து நிறைவேறியவை 1,08,336, ஒதுங்கி நிறைவேறியவை 38,460, கூட்டினால் 1,46,796. பதினைந்து பேரையும் வைத்து நிறைவேறும் நிலவரங்களைத் தனியாக எண்ணினாலும் அதே 1,46,796 வர வேண்டும். வருகிறது.

9. அனுமானத்தை அசைத்துப்பாருங்கள்

மேலே உள்ள கணக்கு ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு முறை ஒதுங்குவதாக வைத்துக்கொண்டது. ஏன் மூன்றில் ஒன்று? நிலைகள் மூன்று என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் சரிபாதி வைப்பதற்கு நியாயம் சொல்லலாம், ஒன்று மற்றொன்றின் எதிர்நிலை. ஒதுங்குதலுக்கு அப்படி ஒரு சமச்சீர் கிடையாது. ஆகவே ஒரே ஓர் எண்ணோடு நிறுத்தாதீர்கள்.

ஒதுங்கும் நிகழ்தகவு சுழியம் என்றால் நிரந்தரர் 0.0518, தற்காலிகர் 0.0051, விகிதம் 10.1. பத்தில் ஒன்று என்றால் 0.0515, 0.0114, விகிதம் 4.5. மூன்றில் ஒன்று என்றால் 0.0227, 0.0111, விகிதம் 2.04.

விகிதத்தை மட்டும் பார்த்தால் நிரந்தரரின் வலிமை ஒரே சீராகச் சரிவதாகத் தோன்றும். எண்களைப் பாருங்கள்: சுழியத்திலிருந்து பத்தில் ஒன்றுக்குப் போகும்போது நிரந்தரரின் வலிமை ஏறத்தாழ அசையவே இல்லை. தற்காலிகரின் வலிமைதான் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. மூன்றில் ஒன்றுக்கு வரும்போது தற்காலிகர் ஏறத்தாழ அதே எண்ணில் இருக்கிறார், நிரந்தரர் இறங்கிவிடுகிறார். இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள் ஒரே விகிதத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. வலிமைகளின் கூட்டுத்தொகையை நூறு சதவீதமாக்கி எழுதினால் இது அடியோடு மறைந்துவிடும். அந்த வேலையைச் செய்யாதீர்கள். செய்தே தீர வேண்டுமென்றால் மூல எண்களையும் பக்கத்தில் வையுங்கள்.

10. வராமை தனித்தனியாக நடக்கிறதா?

இதுவரை ஒவ்வொருவரின் வருகையும் மற்றவர்களைச் சாராதது என்று வைத்தோம். நாடாளுமன்றத்துக்கு இது பொருந்தாது. அங்கே வெளிநடப்பு கட்சியாகத்தான் நடக்கும். கொறடா சொன்னால் மொத்த வரிசையும் எழும். அப்படிப்பட்ட அவையில் உறுப்பினர்களை எண்ணாமல் கட்சிகளை எடை உள்ள வாக்காளர்களாக வைத்துக்கொள்வதே சரி.

கொஞ்சம் தொடர்பு இருந்தாலே விடை எவ்வளவு மாறும் என்று 3–2–2 அவையில் பார்க்கலாம். ஆ-வும் இ-யும் எப்போதும் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே வராமல் இருப்பார்கள், நிகழ்தகவு 0.8. வாக்கு மட்டும் அவரவர் விருப்பம். இப்போது அ-வின் வலிமை 0.8 × 0.5 + 0.2 × 1 = 0.60, முன்பு 0.68. ஆ வந்திருந்தால் இ-யும் வந்திருப்பார், ஆகவே அவருடைய வலிமை 0.50, முன்பு 0.44. தனிமனித வருகை சதவீதம் எதுவும் மாறவில்லை. ஒன்றாகப் பஸ் ஏறியது மட்டுமே அ-வின் மேலாதிக்கத்தைப் பாதிக்கு மேல் அழித்துவிட்டது: இடைவெளி 0.24-இலிருந்து 0.10.

வருகைப் பதிவேட்டிலிருந்து சதவீதங்களை எடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒவ்வொருவரின் சராசரி வருகை போதாது. யாரும் யாரும் சேர்ந்து வராமல் இருக்கிறார்கள் என்பதும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறது.

11. விடையை எழுதும்போது

எண்ணுக்குப் பக்கத்தில் நான்கு தகவல்களை எழுதுங்கள்: வரம்பு நகர்வதா அசையாததா; எந்த நிலைகளை ஒன்றாக்கினீர்கள்; 'வந்திருந்தால்' என்ற கேள்வியா, வருகையையும் சேர்த்த கேள்வியா; ஒதுங்கும் அல்லது வராத நிகழ்தகவு எவ்வளவு, அது நடப்பது தனித்தனியா சேர்ந்தா. இந்த நான்கும் இல்லாத 0.44 என்ற எண்ணை வேறொருவர் சரிபார்க்கவே முடியாது.

தசமத்தில் நான்கு இலக்கம் தாராளம். அனுமானத்தைக் கொஞ்சம் அசைத்தால் முதல் இலக்கமே மாறுகிற இடத்தில் ஆறாவது இலக்கம் யாருக்கும் பயன்படாது. திருப்பங்களின் முழு எண்ணிக்கையை மட்டும் அப்படியே கொடுத்துவிடுங்கள். 53,154 என்று எழுதியிருந்தால் படிப்பவர் தானே எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.